கடைசித் தட்டின் பூச்சிகள்

பட்டுக்கூட்டின் ஒரு முனை நனைகிறது. விடியல் வெளிச்சத்தில் அந்த ஈரம் பரவுகிறது. ஒரு வெள்ளைத் தலை. பிறகு கால்கள். பிறகு, கசங்கிய இறகுகள்.

இறகுகள் மெல்ல உலர்கின்றன. மெல்ல விரிகின்றன. பறப்பதற்கு அல்ல. ஆண்பூச்சி இறகை அடித்து அடித்து, இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. பெண்பூச்சி அதுவும் செய்வதில்லை. வயிறு முழுக்க முட்டை.

தின்ன வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான், சாகும்வரை.

பட்டுப்புழு முட்டை நிலையத்தில் ரேணுகாவின் வேலை அதற்குப் பிறகு. முட்டையிட்டு ஓய்ந்த தாய்ப்பூச்சியைச் சிறிய உரலில் அரைப்பாள். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். தாயிடம் நோய் இருந்தால் முட்டையிலும் இருக்கும். அந்த முட்டைகளை எரித்துவிட வேண்டும்.

மழை பிடித்த ஒரு மாலை. கிளம்பப் போகும் பஸ். கடைசித் தட்டு.

அதிலிருந்த தாய்ப்பூச்சிகளை அவள் அரைக்கவில்லை. “எல்லாம் சுத்தம் சார்” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு மழையில் ஓடினாள்.

மழை விட்டது. அந்தத் தட்டின் முட்டைகளும் புழு வளர்க்கும் ஊருக்குப் போயின. பொரிந்து வந்த புழுக்களின் மேல் மிளகுத் தூளைப்போல் கறுப்புப் புள்ளிகள். வளர்த்த குடும்பம் அவற்றைக் கூடை கூடையாக அள்ளிப் புதைத்தது.

பழி மாதேவி மேல் விழுந்தது. தட்டுகளைக் கழுவுகிறவள் அவள்.

“மருந்துத் தண்ணி ஊத்திக் கழுவினியா, இல்லையா?” என்றார் அதிகாரி. மாதேவி தரையைப் பார்த்து நின்றாள். “இந்த மாசத்தோட நின்னுக்கோ.”

“பூச்சிகூடவே இருந்து இதுவும் வாயில்லாப் பூச்சி ஆயிடுச்சு” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரேணுகாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்தது. சோற்றில் இருந்தது. குளித்த பிறகும், பூச்சியின் வெண்தூள்போல், விரலில் இருந்தது.

மறுநாள் விடியலில் மாதேவி எப்போதும்போல் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா. அன்னிக்குக் கடைசித் தட்டை நான் பாக்கவே இல்லக்கா.”

மாதேவியின் கை நிற்கவில்லை. “தெரியும் கண்ணு. அரைச்சதைக் குழியில கொட்டுறவ நானு. அன்னிக்கு ஒரு தட்டுப் பூச்சி முழுசா கெடந்துச்சு.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“நான் சொன்னா எடுபடுமா?” தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது. சொல்ற எடத்துல போய்ச் சொல்லு.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

அதிகாரியின் அறை வாசல். ரேணுகாவின் தோளில் ஓர் ஆண்பூச்சி ஒட்டி வந்திருந்தது. இறகை அடித்துக்கொண்டிருந்தது, இருந்த இடத்திலேயே.

“என்னம்மா?”

உதடு காய்ந்திருந்தது. நாக்கால் நனைத்தாள். ஜன்னலில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள்.