முழு நீளத்தில் ஒரு குற்றப்பத்திரிகை

பெரியவளுக்குச் சின்னவள் மேல் பொறாமை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு நல்ல பெயர் அவளுக்கு. ஓரகத்தி என்று ஒரு நாளும் சொன்னதில்லை, வாய் நிறையத் தங்கச்சி என்றுதான் சொல்லுவாள். ஆனால் அந்தத் தங்கச்சியின் இணையப் பக்கத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறாள் என்பது அவளுடைய போனுக்குத்தான் தெரியும்.

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். இருவருக்கும் குழந்தைகள் உடை தைப்பதுதான் தொழில். பெரியவளின் மெஷின் கீழே குளியலறைக்குப் போகிற வழியில் கிடந்தது. யார் குளிக்கப் போனாலும் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். சின்னவளின் மெஷின் மாடியில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே. இப்போது தெருவைப் பார்த்த முன்னறையில் இருந்த பல் டாக்டர் காலி செய்துவிட்டார். கண்ணாடிக் கதவு, நல்ல வெளிச்சம். வெட்டுகிற மேசையைப் போட்டால் ஒரு மெஷினுக்குத்தான் இடம். அது யாருக்கு என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக மாமியார் அறிவித்திருந்தார்.

பதினாறு வருஷமாக வழிவிட்டு வழிவிட்டே தைத்த பெரியவளுக்கு அந்த அறை வேண்டும். நேற்று வந்தவளுக்கு ஒரு பக்கம், பக்கம் நிறையப் படங்கள், படங்களுக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்களின் பாராட்டு. இனி முன்னறையும் அவளுக்கா?

போதாததற்குப் பூனைக்காதுப் பாக்கெட். பாக்கெட்டின் வாய் இரண்டு பக்கமும் கூராக நிமிர்ந்து, உள்ளேயிருந்து பூனை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பெரியவளின் சொந்தக் கற்பனை. சின்னவளின் மகளுக்கு ஆசையாகத் தைத்துக் கொடுத்த ஃபிராக்கில்தான் முதலில் வைத்தாள். இன்று அந்தப் பக்கத்தில் பார்த்த இடமெல்லாம் பூனைக்காது. காலரும் கையும் பின்முடிச்சும்கூட வரவரத் தன் கையால் தைத்தது போலவே ஆகிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

மனசை அள்ளுகிற உடை எதைக் கண்டாலும் கீழே இருந்த இதயக் குறியைத் தட்டி வைப்பாள். உளவு பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இதயம் தட்ட ஒரு பெயர் வேண்டும் என்று பக்கம் கேட்டபோது, பிறந்த வீட்டில் கூப்பிடுகிற ‘பேபி’யைக் கொடுத்தாள். அன்றிலிருந்து பக்கத்தைத் திறந்தாலே திரையின் அடியில் ரோஜா நிறப் பட்டை ஒன்று வந்து நின்று பேபிக்கு வணக்கம் சொல்லும். எவ்வளவு தள்ளினாலும் அது அங்கேயேதான் நிற்கும். நாளாக ஆக அவள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மாமியாரிடம் போய், சின்னவள் தன் வேலையைத் திருடுகிறாள் என்று போனை நீட்டினாள். மாமியார் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், முன்னால் வந்தது எது, பின்னால் வந்தது எது என்று தெரியாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதையும் முழுசாக ஒரே தாளில் பார்த்தால்தான் தனக்குத் தப்பு தெரியும் என்றார்.

அவ்வளவுதானே. பெரியவள் போனில் நீளப் படம் எடுக்கும் வசதியைக் கண்டுபிடித்தாள். ஒரு அம்புக்குறியைத் தட்டினால் போதும், பக்கம் தானாகவே கீழே இறங்கிக்கொண்டே போக, போன் ஒவ்வொரு திரையாகப் பிடித்து ஒட்டி முழுப் பக்கத்தையும் ஒரே படமாக்கிவிட்டது. திரையில் நூல் மாதிரி மெல்லிசாகத் தெரிந்த அதைப் பேனர் கடையில் கொடுத்து ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு நீளமாக அச்சடித்தாள். கடைக்காரர் சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை முழுக்க அந்தச் சுருளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் விரித்தாள். வாசலில் தொடங்கிய படம் சமையலறைக் கதவு வரை போயிற்று. “அத்தை, ஒண்ணு விடாம பாருங்க. அப்புறம் சொல்லுங்க” என்றாள். சின்னவள் மாடிப்படியில் முகம் வெளுத்து நின்றாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரமாகவே நடந்து கடைசி வரை போனார். திரும்பி வரும்போது குனிந்து விரலால் எதையோ எண்ணிக்கொண்டே வந்தார்.

“படமெல்லாம் சரி. ஒரே வரி பதினோரு தடவை வந்திருக்கே, கவனிச்சியா?”

பெரியவளுக்குப் புரியவில்லை. மாமியார் சத்தமாகப் படித்தார். “வணக்கம் பேபி. நீங்கள் விரும்பிய உடைகள், அறுபத்துமூன்று.”

போன் பதினோரு திரைகளைப் பிடித்திருந்தது. அடியில் நின்ற பட்டையையும் பதினோரு தடவை சேர்த்துப் பிடித்திருந்தது. பூனைக்காது எங்கே எங்கே என்று மட்டும் தேடிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இப்போது ஒவ்வொரு பட்டையும் உள்ளங்கை அகலத்துக்குத் தரையில் கிடந்தது. பேபி யார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கத் தேவையில்லை. அவளுடைய அம்மா போன் செய்தால் முதல் வார்த்தையே பேபி இருக்காளா என்பதுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று.

சின்னவள் படியிறங்கி வந்தாள். “அந்தப் பேபி நீங்களாக்கா?”

பெரியவள் குனிந்து காலடியில் கிடந்த பட்டையை உள்ளங்கையால் மறைத்தாள்.

தன் மகளின் பழைய பூனைக்காது ஃபிராக்கைப் படமெடுத்துப் பக்கத்தில் சும்மாதான் போட்டதாகச் சின்னவள் சொன்னாள். போட்ட நிமிஷமே பேபியின் இதயம் வந்ததாம். அதிலிருந்து பேபி தட்டியதை மறுபடி தைப்பாள், தட்டாததை விட்டுவிடுவாள். “ஒவ்வொண்ணும் வெட்டும்போது பேபிக்குப் பிடிக்குமான்னுதான் யோசிப்பேன். ஊர்ல எத்தனையோ பேபி, யாருன்னே தெரியாதுக்கா. ஆனா அவங்களுக்குப் பிடிச்சா எனக்குப் போதும்.”

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். “பாக்கெட் பெரியவளோடதுதான். அதை அவ பேரைப் போட்டு உன் பக்கத்துல எழுதிடு. அறையைப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. பெரியவளே அறுபத்துமூணு தடவை சொல்லிட்டா.”

பெரியவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு தன் மெஷினுக்குப் போனாள். குளிக்க வந்த கணவனுக்காக எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். பிறகு போனை எடுத்து, தட்டிய இதயங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தாள். எலுமிச்சை மஞ்சள் ஃபிராக்கை எடுத்தாள். பட்டையில் அறுபத்திரண்டு என்று வந்தது.

அடுத்ததைத் தேடிப் பக்கத்தின் மேலே போனாள். காலையில் போட்ட புது உடை ஒன்று இருந்தது. அதே பூனைக்காது, ஆனால் ஒரு காது மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல மடிந்திருந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று நினைத்தபோது அவளுக்குத் தொண்டை வரைக்கும் எரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். தையலில் ஒரு குறை கிடைக்காதா என்று ஓரம் ஓரமாகத் தேடினாள்.

கிடைக்கவில்லை. பட்டை மறுபடி அறுபத்துமூன்றுக்கு வந்தது.