இரண்டாவது கலர்

ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் ஆலமரத்தை மறைத்துக்கொண்டு ஒரு பேனர் நின்றது. அதில் அன்பரசன் காற்றில் பறந்தபடி பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். கால் அவனுடையது அல்ல, உடம்பும் அல்ல. யாரோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் கழுத்துக்கு மேல் சிவகாசி டிசைனர் அவன் தலையை ஒட்டியிருந்தார். ‘கோல் மன்னனே வருக!’ என்று எழுத்து. எழுத்துக்கு மேலே, மன்னனைவிட மூன்று மடங்கு பெரிதாக, கைகூப்பிய நிலையில் சங்கையா.

அன்பரசன் பிறந்ததிலிருந்து ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அவன் டிஃபெண்டர், அதிலும் லெஃப்ட் பேக். இடது ஓரமாக நின்று, எதிரணிக்காரன் கோல் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இதை ஊருக்கு விளக்க அவன் செய்த முயற்சிகளெல்லாம் சங்கையாவிடம் வந்து முடிந்தன.

“ஏலே அன்பு, இதுவரைக்கும் எத்தனை கோலு போட்டுருக்கே?”

“நான் டிஃபெண்டருங்கய்யா. அவுக போடாமப் பாத்துக்கிடணும்.”

“வாட்ச்மேனுன்னு சொல்லு.”

“அப்படி வச்சுக்கோங்க.”

“நம்ம கம்பெனியிலயே வாட்ச்மேன் வேலை காலியாத்தான கெடக்கு. இதுக்குப் போயி கோயம்புத்தூரா?”

சங்கையாவுக்குக் கரிசல் காடு நிறைய, பட்டாசுக் கம்பெனி ஒன்று, பட்டங்கள் எண்ணிலடங்காதவை. ‘விளையாட்டுக் காவலர்’ என்ற பட்டம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பந்து வழங்கியதற்காகக் கிடைத்தது. வழங்குவதைப் படம் எடுத்து முடித்ததும் பந்து அவர் காரிலேயே வீடு திரும்பியது.

அன்பரசனின் அம்மா மாடத்தி அந்தக் கம்பெனியில்தான் வானவெடி செய்கிறாள். அப்பா ஊர்க்காவலன் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். மகன் விளையாட்டுக் கோட்டாவில் விருதுநகரில் கல்லூரி படித்து, அங்கிருந்து கோயம்புத்தூரில் ஒரு தொழில்முறை அணிக்குப் போனான். போனான் என்றால், பெஞ்சில் உட்காரப் போனான். சீசன் பாதி முடிந்தபோது கோச் ரொசாரியோ கூப்பிட்டார். அவர் தூத்துக்குடிக்காரர். பேச்சில் உப்பும் உண்டு, காற்றும் உண்டு.

“லெஃப்ட் பேக்குக்கு முட்டி போயிருச்சு. கேரளா மேட்ச்ல நீ எறங்குதே. ஒழுங்கா ஆடுனா ரெண்டு வருச ஒப்பந்தம். இல்லைன்னா பைய எடுத்துக்கிட்டு ஊரு போயிச் சேரு. என்ன?”

“சரிங்க சார்.”

ஊருக்குப் போனால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அட்டைப்பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற வேலை இருக்கிறது. மேலே இருந்து, “கோல் மன்னா, அந்தப் பெட்டியத் தூக்கு” என்று சொல்ல ஆள் இருக்கிறது.

ஆட்டத்தன்று சமுதாயக்கூடத்தின் முன்னால் பெரிய திரை கட்டினார் சங்கையா. திரையின் நான்கு ஓரத்திலும் அவர் படம். மிச்சமிருந்த இடத்தில் கால்பந்து தெரிந்தது. ஊரே கூடிவிட்டது.

அன்பரசன் அன்று பிரமாதமாக ஆடினான். அதாவது, ஒன்றுமே நடக்கவில்லை. அவன் பக்கம் ஓடிவந்த கேரளத்து ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் எங்கோ முட்டுச்சந்தில் நுழைந்தவர் மாதிரி திரும்பிப் போனார். டிஃபெண்டர் நன்றாக ஆடினால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. ஊர் கொட்டாவி விட்டது.

“என்னலே இவன் நின்ன எடத்துலயே நிக்கான்? முன்னால போகச் சொல்லு,” என்றார் சங்கையா. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பக்கத்திலிருந்தவர் திரையைப் பார்த்து, “முன்னால போகணுமாம்டே” என்றார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில்தான் அது நடந்தது. கேரளத்து ரசிகர் ஒருவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. கோல் விழுந்ததும் விடுவதற்கு வைத்திருந்த வானவெடியை முன்கூட்டியே பற்றவைத்தார். ‘சொய்ங்’ என்று அது மேலே போனது. அன்பரசனின் கழுத்தும் மேலே போனது.

இது பயம் அல்ல. ஏழாயிரம்பண்ணைக்காரன் வெடிச் சத்தத்துக்குப் பயப்பட்டால் அவன் ரேஷன் கார்டைப் பறித்துக்கொள்ள வேண்டும். இது வேறு விஷயம். மாடத்தி வேலை செய்யும் கம்பெனியில், சாயங்காலம் வேலை முடிந்ததும் அன்றைய சரக்கில் ஒன்றை வெறும் பொட்டலில் விட்டுப் பார்ப்பார்கள். முதலில் சிவப்பாக விரியும். அது அடங்குவதற்குள் உள்ளேயிருந்து பச்சை விரிய வேண்டும். பச்சை வராவிட்டால் மறுநாள் ஃபோர்மேன் வாயிலிருந்து வேறு பல கலர்கள் வரும். ஆகவே வேனுக்குக் காத்திருக்கும் அத்தனை பேரும் அண்ணாந்து நிற்பார்கள். அம்மாவுக்காகக் காத்து நின்ற பிள்ளைகளும் அண்ணாந்து நின்று வளர்ந்தார்கள். முதல் கலரை உலகமே பார்க்கும். இரண்டாவது கலருக்காகக் காத்திருப்பது எங்கள் வட்டாரத்துக்காரர்கள் மட்டும்தான்.

கேரளத்து வானத்தில் சிவப்பு விரிந்தது. அன்பரசன் பச்சைக்காகக் காத்திருந்தான். அவனைத் தாண்டிப் பந்து போனது. பந்தின் பின்னால் முட்டுச்சந்துக்காரர் போனார். பிறகு கோல் விழுந்தது. அதன் பிறகு ரசிகர்கள் விட்ட வெடியில் திரை முழுக்கப் புகை.

சமுதாயக்கூடத்தில், “கோலு விழுந்துருச்சா? நமக்கா, அவுகளுக்கா?” என்றார் சங்கையா.

ஆட்டம் முடிந்ததும் மாடத்தி போன் போட்டாள்.

“சாப்ட்டியாய்யா?”

“இல்லம்மா. மேட்ச்சப் பாத்தியா?”

“பாத்தேன். இந்த டிவிக்காரன் மேல காட்டவே இல்லை. பச்சை விரிஞ்சுச்சா?”

அன்பரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “விரியலம்மா.”

“அதான பாத்தேன். நம்ம சரக்கா இருந்தா விரிஞ்சிருக்கும். போயிச் சாப்புடு.”

கோச்சிடமும் அவன் உள்ளதைத்தான் சொன்னான். ரொசாரியோ தன் பதினெட்டு வருஷ அனுபவத்தில் ‘வெளிச்சம் கண்ணுல அடிச்சுது’, ‘புல்லு வழுக்குச்சு’ எல்லாம் கேட்டிருக்கிறார். இது புதிது.

“ரெண்டாவது கலரா?”

“ஆமா சார். கழுத்து தானாப் போயிருது.”

“தானாப் போற கழுத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? எழுவது எண்பது நிமிசம் அந்தப் பய எங்க இருந்தாம்னே தெரியாம வச்சிருந்தே. அம்புட்டையும் ஒரு வெடிக்குக் குடுத்துட்டியேடே. அடுத்த மேட்ச்ல இன்னொருத்தன் வெடி போடுவான்.” தலையைச் சொறிந்தார். “தீபாவளிக்கு ஊருக்குப் போ. லீவு முடியட்டும், யோசிச்சுச் சொல்லுதேன்.”

தோற்றுவிட்டு வருகிறவனுக்குப் பாராட்டு விழா எதற்கு என்று ஊரில் சிலர் கேட்டார்கள். பேனர் அடித்தாயிற்று என்றார் சங்கையா. மறுக்க முடியாத காரணம்.

விழா, தீபாவளி கழித்து மறுவாரம், பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. தூத்துக்குடிக்குப் போகிற வழியில் வந்து போகும்படி சங்கையா கோச்சுக்கு விடாமல் போன் செய்து, கடைசியில் மட்டன் பிரியாணி என்று சொன்னதும் கோச் சம்மதித்தார். மேடையில் சங்கையாவுக்கும் கோச்சுக்கும் சோபா. பாராட்டப்படுகிறவனுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லெஃப்ட் பேக்குக்கு ஓரம் பழக்கம்தான். அவனைப் பெற்றவர்கள் கீழே தரையில், வேனில் வரும் பெண்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கையா பேசினார். கால்பந்து தமிழரின் வீர விளையாட்டு என்றார். கேரள மண்ணில் நம் அன்பரசன் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் சாதனை படைத்தான் என்றார். கைதட்டினார்கள். கோச் இருமினார்.

அன்பரசன் கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று அவர் இன்னும் சொன்னபாடில்லை. பிரியாணிக்கு அப்புறம் காரில் ஏறிவிடுவார்.

“இப்ப முக்கியமான கட்டம்,” என்று மைக்கில் சொன்னார் சங்கையா. முக்கியமான கட்டம் என்னவென்றால், அவர் ஒரு கோல் போடுவார். அதைப் படமெடுப்பார்கள். அதே நேரத்தில் கம்பெனியின் புதுச் சரக்கான ‘கோல் கிங்’ வானவெடியை விடுவார்கள். அடுத்த சீசனுக்கு அட்டைப்பெட்டியில் அந்தப் படம்தான்.

எல்லோரும் மைதானத்துக்கு இறங்கினார்கள். வெயில் இறங்கியிருந்தது. சங்கையா வேட்டியை மடித்துக் கட்டினார். பந்து முன்னால் வைக்கப்பட்டது. அவருடைய பந்துதான், காரிலிருந்து வந்தது.

“அன்பு, நீ சும்மா எதுக்க நில்லு. நான் அடிச்சதும் வழி விட்டுரு. என்ன?”

“சரிங்கய்யா.”

சங்கையா பின்வாங்கி, மூச்சிழுத்து, ஓடிவந்தார். வெடிக்காரர் சைகை கிடைத்துவிட்டது என்று நினைத்துத் திரியில் நெருப்பை வைத்தார். ‘சொய்ங்.’

மைதானமே அண்ணாந்தது. ஊர்க்காவலன் அண்ணாந்தார். போட்டோக்காரர் அண்ணாந்தார். அவரும் இந்த வட்டாரம்தானே. ஓடி வந்துகொண்டிருந்த சங்கையாவும் ஓடியபடியே அண்ணாந்தார்.

அன்பரசனின் கழுத்தும் கிளம்பத்தான் செய்தது. பாதியில் நின்றது. எதிரே ஒரு மனிதர் பந்தை நோக்கி வருகிறார், பின்னால் கோல் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம். ஒரு எட்டு முன்னால் வைத்து, காலை நீட்டி, பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு விலகினான்.

பந்து இருந்த இடத்தில் சங்கையா ஓங்கி உதைத்தார். செருப்பு கோலுக்குள் போனது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெடி வெளிச்சத்தில் தரையெல்லாம் சிவப்பாயிற்று. அன்பரசன் பந்தை மிதித்தபடி, கூட்டத்தில் அம்மாவைத் தேடினான். மாடத்தி வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்திருந்தாள். அவள் முகத்தில் சிவப்பு மங்கியது. இருட்டப் போகிற மாதிரி இருந்தது. பிறகு நெற்றி, மூக்குத்தி, பல் எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

“விரிஞ்சுருச்சு!” என்று கத்தினாள். வேன் பெண்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். மேடைப் பேச்சுக்குத் தட்டியதைவிடப் பலமாக.

அங்கே மேலே பார்க்காத இன்னொருவர் கோச் ரொசாரியோ. தூத்துக்குடிக்காரருக்கு எந்தக் கலரும் ஒன்றுதான். அவர் பந்தைப் பார்த்தார், பந்தின் மேலிருந்த காலைப் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்திருந்த விளையாட்டுக் காவலரைப் பார்த்தார்.

“பெரியவரு கேட்டாருல்லடே, விட்டுக் குடுத்திருக்கலாமே?”

“விடத்தான் சார் நெனச்சேன். கால் தானாப் போயிருச்சு.”

“ரெண்டு வருசம்,” என்றார் கோச். “திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போடு. பிரியாணி எங்கன?”

சங்கையாவை ரெண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். வேட்டியைத் தட்டிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி: “கோலு விழுந்துச்சா?”

“விழுந்துச்சுங்கய்யா,” என்றார் ஊர்க்காவலன், கோலுக்குள் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டே. “நல்ல அடி.”

இந்த வருஷம் ‘கோல் கிங்’ பெட்டி கடைக்கு வந்தால் பாருங்கள். மேலே சங்கையா வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். போட்டோக்காரர் அண்ணாந்த வேகத்தில் விரல் அமுங்கியதில் கிடைத்த ஒரே படம் அது. வெடிப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது. ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு காலும் பந்தும் தெரியும்.

அந்தக் கால் அவனுடையதுதான்.