கிரீன்விச் மணி ஒன்று

மெர்லினின் லாக் புத்தகத்தில் தொண்ணூற்றொரு வரிகள் இருந்தன. நூறு வேண்டும்.

விதி அப்படி. அவளிடம் இருந்தது இரண்டாம் நிலை அமெச்சூர் ரேடியோ உரிமம். முதலில் மோர்ஸ் தந்தியில் நூறு பேரைத் தொடர்பு கொள்ள வேண்டும். அந்தப் பதிவைக் காட்டினால்தான் மைக்கைப் பிடித்து வாயால் பேச அனுமதி. ஒன்றரை வருடமாக அவள் வெறும் 'டிட் டா' என்று தட்டிக்கொண்டிருந்தாள். அக்டோபர் ஒன்றாம் தேதி ஆசிரியப் பயிற்சிக்குத் திருச்சி ஹாஸ்டலில் சேர வேண்டும். நாற்பது மீட்டர் கம்பியை ஹாஸ்டலில் எங்கே கட்டுவது? அதற்கு முன்னால் வருவது இந்த ஒரு போட்டிதான். சனிக்கிழமை மாலை ஆறரை முதல் ஞாயிறு மாலை ஆறரை வரை உலகம் முழுக்க ஆட்கள் எண்பது மீட்டர் அலைவரிசைப் பாண்டில் கூடுவார்கள். ஒன்பது பேர் கிடைத்தால் போதும்.

ஆனால் அவளுக்கு அவள்மேலேயே நம்பிக்கை கிடையாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். லாகில் நான்கு கட்டங்கள்: நேரம், அவர்களுடைய அழைப்புக்குறி, சிக்னலின் தெளிவுக்கு அவர்கள் கொடுத்த எண், தன் எண் கிடைத்ததாக அவர்கள் சொன்ன பதில். நான்காவது கட்டம் நிரம்பாத வரி கணக்கில் சேராது. அப்படி ஆறு வரிகளை அவளே அடித்துவிட்டிருந்தாள். நேரம் உலகப் பொதுக் கணக்கில், கிரீன்விச் மணியில் எழுத வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிப்பதில் அவசரத்தில் தப்பு வந்துவிடும் என்று பயந்து, பதினைந்து நாள் முன்பே தன் கைக்கடிகாரத்தைக் கிரீன்விச்சுக்குத் திருப்பி வைத்துவிட்டாள். சாப்பாடு, தூக்கம், டைப்ரைட்டிங் மாலை வகுப்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

ஆண்டெனாக் கம்பியின் ஒரு முனை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில். மறுமுனை கச்சிராயபாளையம் ரோட்டோரப் புளியமரத்தின் உச்சியில். மேற்கே கல்வராயன் மலை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்ட அந்த உயரமாவது வேண்டும்.

தங்கள் சாதியைத் தனியாகக் கணக்கெடுத்து இட ஒதுக்கீடு தரச்சொல்லி மாயவனின் ஆட்கள் சாலை மறியல் தொடங்கிய மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அந்தப் புளியமரத்தடியில் அதை ரோட்டுக்குக் குறுக்கே சாய்க்க ரம்பமும் கோடாலியுமாக எட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் மாயவன். கள்ளக்குறிச்சி மாலை வகுப்பில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் தட்டுகிறவன். பிளஸ் டூ முடித்து நாலு வருடமாக எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான்.

மெர்லின் ஓடி வந்தாள். "மாயவண்ணே, இந்த மரம் மட்டும் வேணாங்க."

"ஏன், உன் பேருல பட்டா கீதா?"

சிரித்தார்கள். அவள் கம்பியைக் காட்டினாள். நூறு பேர் கதையைச் சொன்னாள்.

"நூறு பேருகிட்ட தட்டினாத்தான் வாயத் தொறக்க வுடுவாங்களா?" என்றான் மாயவன். "நல்ல சட்டம். நாங்க லட்சம் பேரு ரோட்ல உக்காந்தும் இன்னான்னு கேக்க நாதி இல்ல."

"டேய், கம்பியில போலீசுக்குச் சேதி சொல்லுதோ இன்னாவோ" என்றான் பின்னாலிருந்து சின்னராசு. ரம்பத்தின் ஒரு பிடி அவன் கையில் இருந்தது.

"போலீசு நம்மளப் பாக்கறதுக்கு ரேடியோ வேணுமாடா? சும்மா இரு." மாயவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "எப்ப முடியும் உன் போட்டி?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முடிவு நேரம் மனப்பாடமாக இருந்தது. "நாளைக்கு ஒரு மணிக்கு முடிஞ்சிடுங்க."

"ஒரு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

அவர்கள் அடுத்த மரத்துக்குப் போனார்கள்.

அன்று இரவு பாண்டு மோசமாக இருந்தது. இடிமின்னல் இரைச்சல் காதை அடைத்தது. கரண்ட் இல்லை. டிராக்டர் பேட்டரியில் பத்து வாட் செட்டை ஓட்டினாள். ஐரோப்பா மலைக்குப் பின்னால் கொசு போல முனகியது. அவள் கூப்பிட்டதற்கு யாரும் திரும்பவில்லை. கிழக்கிலிருந்து சில பேர் கிடைத்தார்கள். நடுவே நம் நாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் சத்தம் பலமாகக் கேட்டது. சொந்த நாட்டுத் தொடர்புக்குப் போட்டியில் புள்ளி இல்லை என்பதால் அவள் டயலைத் தள்ளிக்கொண்டே போனாள். விடியும்போது ஏழு சேர்ந்திருந்தது. தொண்ணூற்றெட்டு.

வெயில் ஏறியதும் எண்பது மீட்டர் செத்துப்போகும். மறுபடி உயிர் வருவது அந்தி சாயும்போது. ஆறிலிருந்து ஆறரை வரை, கடைசி அரைமணி. இரண்டே பேர். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

கோடாலிச் சத்தத்தில்தான் விழித்தாள்.

அவள் வாசலுக்கு வருவதற்குள் மரம் சாய்ந்துவிட்டது. மாடியிலிருந்த கம்பி விண்ணென்று இழுபட்டு அறுந்து கூரைமேல் சுருண்டது. அவளுடைய அப்பா சிங்கராயர், பஸ் இல்லாததால் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர், கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "சொல்லிட்டுத்தாம்மா வெட்னாங்க. நீதான் ஒரு மணின்னு சொன்னியாமே."

"மாயவண்ணே! வாக்கு குடுத்தீங்க!"

மாயவன் கையை நீட்டித் தன் கடிகாரத்தைக் காட்டினான். "ஒண்ணு அஞ்சு. அஞ்சு நிமிஷம் ஜாஸ்தியாவே வுட்டேன்."

அவள் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு முப்பத்தைந்து.

தப்பு வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு. பதினைந்து நாள். "என் வாட்ச்ல லண்டன் டைமு" என்றாள் மெதுவாக. "ஒரு மணின்னா நம்ம ஊருக்கு சாய்ந்தரம் ஆறரை."

எட்டுப் பேரும் ஒரு நொடி அவளையே பார்த்தார்கள். பிறகு சின்னராசு ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "வெள்ளைக்காரன் போயி நாப்பது வருஷம் ஆச்சி, இது இன்னும் அவன் மணியில வெட்டச் சொல்லுது!"

மாயவன் சிரிக்கவில்லை. அவளிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. யாரையாவது திட்ட முடிந்தால் தேவலை என்றிருந்தது.

உள்ளே போனாள், வந்தாள், மாடிக்கு ஏறினாள், இறங்கினாள். ரோட்டில் கண்ணுக்கு எட்டிய வரை நின்ற பெரிய மரம் ஒன்றும் இல்லை. கடைசியில் கம்பியை முறுக்கி ஒட்டுப்போட்டு இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். விழுந்த மரத்தின் ஒரு கிளை பதினைந்தடிக்கு மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க மரத்துல எங்களக் கேக்காம கட்றியா?" என்றான் சின்னராசு.

"நேத்து அது ரோட்டு மரம்" என்றாள்.

"இன்னிக்கு அது மறியலு."

"கட்டிக்கட்டும் வுடுடா" என்றான் மாயவன்.

பதினைந்தடி உயரத்துக் கம்பியில் ஐரோப்பா கேட்காது என்று அவளுக்குத் தெரியும். தாழ்வான கம்பி மேலே வானத்தைத்தான் பார்க்கும். அங்கே மோதித் திரும்பி வந்து அக்கம்பக்கத்தில்தான் இறங்கும். அதனால் ராத்திரி தள்ளிவிட்டவர்களைத் தேடினாள். போட்டிப் புள்ளிக்கு அவர்கள் பூஜ்யம். நூறுக்கு அவர்களும் ஆட்கள்தானே? அந்த யோசனை நேற்றே வந்திருக்க வேண்டும்.

ஆறு பத்துக்கு இலங்கைக்காரர் ஒருவர் கிடைத்தார். நான்கு கட்டமும் நிரம்பியது. தொண்ணூற்றொன்பது.

ஆறு இருபத்தைந்துக்கு ஐதராபாத்காரர் ஒருவர் பதில் தட்டினார். எண்ணை வாங்கினாள். தன் எண்ணைத் தட்டினாள். பதிலுக்குக் காத்திருக்கும்போது வெளியே ஹாரன்.

"மெர்லினு! பால் வண்டி வந்துக்கினு கீது. அத மட்டும் வுடுவோம், கெளைய இழுக்கணும். முடிஞ்சிதா?" ஜன்னலில் மாயவனின் முகம்.

"ரெண்டு நிமிஷம்!"

"எந்த ஊரு ரெண்டு நிமிஷம்?"

ஹாரன் மறுபடி நீளமாக அலறியது. அதற்குள் ஹெட்போனில் ஏதோ குறுகலாக ஒலித்து முடிந்தது. 'கிடைத்தது' என்ற ஒற்றை எழுத்தா, இரைச்சலா? கேள்விக்குறியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மூன்றாம் தடவையும் பதில் இல்லை. வெளியே கேன்கள் மோதும் சத்தம். மலையடிவாரத்து மாடுகளின் பால், நேரத்துக்குப் போகாவிட்டால் திரிந்துவிடும்.

"இழுத்துக்கோங்க" என்றாள்.

கம்பி தொய்ந்தது. செட் ஊமையாயிற்று. கடிகாரம் ஒன்றைக் காட்டியது.

வண்டி போன பிறகு மாயவன் திரும்ப வந்தான். "நூறு ஆச்சா?"

"தொண்ணூத்தொம்பது. கடைசி ஆளு பதில் சொன்னாரா இல்லையான்னு தெரியல."

"சொன்னாருன்னு போட்டுக்கோ. யாரு வந்து எண்ணப் போறான்?"

"இல்லாத ஆள எப்பிடி எண்ணுறது? உங்க கூட்டத்துல அப்பிடி சேப்பீங்களா?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இருக்கிற ஆளயே எண்ணலன்னுதான் நாங்க ரோட்ல கீறோம்" என்றான். பிறகு, "கெளைய பழைய எடத்துலயே வெச்சிட்டோம். கட்றதுன்னா கட்டு."

போட்டி முடிந்தால் சந்தை கலைந்த மாதிரி பாண்டு காலியாகிவிடும். இருந்தும் அவள் கம்பியைக் கட்டினாள். யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். ஏழு மணி. ஏழரை. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று ரோட்டில் பேச்சு அடிபட்டது. அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேட்டரி முள் இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு கை பதில் கொடுத்தது. மெதுவான கை. போட்டிக்காரனின் வேகம் இல்லை. புதிதாகக் கற்றவர் போல ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். பெயர் ஜான். ஊர் சேலம்.

சேலம். மலைக்கு அந்தப் பக்கம். ஒன்றரை வருடம் அவள் தாண்டப் பார்த்த மலைக்கு நேர் பின்னால்.

தன் எண் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றார். மறுபடி கேட்டாள். கிடைத்தது என்றார். மூன்றாம் தடவையும் கேட்டபோது அவர், 'ஏன் நம்பவில்லை?' என்று நிதானமாகத் தட்டினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான்காவது கட்டத்தை நிரப்பினாள். நேரம் என்ற கட்டத்தில் 14.20 என்று எழுதி, தப்பில்லையே என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

வெளியே வந்தாள். விழுந்த மரத்தின்மேல் மாயவன் உட்கார்ந்து, மேற்கே இருட்டில் வண்டி வெளிச்சம் ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சா?"

"ஆச்சி."

"அப்ப கம்பிய அவுத்துக்கோ. போலீசு ஜீப்பு வந்தா மரத்த இழுப்பான், மறுபடி அறுத்துடுவான்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். "நீங்க எத்தினி மணி வரைக்கும் இங்க இருப்பீங்க?"

"தெரியல" என்றான். "எங்களுக்கு யாரும் மணி சொல்லல."

கம்பியைச் சுருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவள் நின்றாள். கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளைச் சுற்றினாள். திரும்பி அவனிடம் நேரம் கேட்டு, அவன் சொன்ன நிமிடத்துக்கே நிறுத்திக்கொண்டாள்.