பூப்பே இல்லாத கடிதம்

1

இந்தக் கதை கருணையில் பிறந்தது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். பொறாமையில் பிறந்தது. கருணை என் பிழைப்பு. கிட்வேயில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்காக ஊராரிடம் நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுகிறவள் நான். கடிதத்துக்கு ஒரு குழந்தையின் கதை.

2

முசோண்டா என்று ஒருத்தி இருந்தாள். நல்லவள், ஆனால் அவளுக்கு

வேண்டாம். முசோண்டா நான்தான். 'அவள்' என்று எழுதினால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன்.

3

முவிலாவுக்கு மூன்று வயது. பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டெடுத்தது நான். காய்ச்சலில் கொதித்தவளை முதுகில் கட்டித் தூக்கி வந்ததும் நான். காய்ச்சல் விட்டதும் முவிலா எங்கள் இல்லத்துச் சமையற்காரி பூப்பேயின் முதுகுக்குத் தாவிவிட்டாள். என்னைப் போலவே பிள்ளை பெறாதவள் பூப்பே. எங்கள் ஊரில் பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவோம். ஒரே மாதத்தில், கீரைக்காரி உட்பட எல்லோருக்கும் அவள் 'பானா முவிலா' ஆகிவிட்டாள், முவிலாவின் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது.*

(பூப்பே குழந்தையின் பாலைத் திருடுவதாக ஒரு வரி எழுதிப் பார்த்தேன். தன் தட்டு மீனையே முள்ளெடுத்து ஊட்டுகிறவள் எங்கே திருட? அந்த வரியும் போயிற்று.)

* நான் எல்லோருக்கும் மேடம். முவிலாவுக்கும்.

4

அதனால் கடிதத்தில் பூப்பேயை விட்டுவிட்டேன். "அம்மா என்று கூப்பிட இந்தக் குழந்தைக்கு யாருமில்லை" என்று எழுதினேன். படித்தவர்கள் அழுதார்கள், வாரி வழங்கினார்கள். தலைமை அலுவலகமும் படித்தது. யாருமில்லாத குழந்தைதானே, தலைநகர் லுசாகாவில் வளர்க்க ஒரு குடும்பம் தயாராக இருக்கிறது, வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறோம் என்றார்கள்.

பூப்பே மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றாள்.

"யாருமில்லன்னா எழுதுனீங்க மேடம்? அப்ப நான் யாரு, அடுப்புக்கல்லா?"

"அப்படி எழுதுனாத்தான் பூப்பே நாலு பேரு குடுப்பாங்க."

"குடுக்கறவங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

நான் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"இந்த வீட்டுல என்னை இன்னும் பூப்பேன்னு கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான். எனக்குப் புரியாமலா இருக்கு? திட்டணும்னா திட்டிடுங்க மேடம். அதுக்காகப் புள்ளைய அனுப்பாதீங்க."

5

முடிவு ஒன்று: முசோண்டா உண்மையை எழுதித் தருகிறாள். முவிலா தங்குகிறாள். முசோண்டா மேடமாகவே கிழவியாகிறாள்.

முடிவு இரண்டு: வண்டி போகிறது. பூப்பே மறுபடியும் வெறும் பூப்பே. இரண்டு பேரும் சமம். இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

முடிவு மூன்று: முவிலா என்னிடம் ஓடி வந்து

வரமாட்டாள்.

6

இன்று வியாழன். வண்டி அனுப்பும் முன் அலுவலகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறது: குழந்தைக்கு நெருக்கமானவர் யாராவது உண்டா, உண்டென்றால் எந்தப் பெயரில் அழைக்கப்படுகிறார்? ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். பூப்பே வாசலில் நிற்கிறாள். முவிலா அவள் முதுகில் தூங்குகிறாள்.

"உண்டு. அவரை நாங்கள் பானா" என்பதுவரை எழுதிவிட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. மிச்சம் ஒரே ஒரு சொல், உங்களுக்குத்தான் தெரியுமே. இந்தாருங்கள் பேனா.