கணக்கில் சேராத மூச்சு

என் தங்கை ஞானஜோதியின் நுரையீரலை அவள் புருஷன் கணக்காகப் போட்டார். சத்தியநாதன் தாம்பரத்தில் பௌதிக லெக்சரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவுக்கும் அவர்தான் மாஸ்டர்.

நுரையீரல் இரண்டையும் இரண்டு பலூன் என்று வைத்துக்கொண்டு, மூச்சு எப்படிப் போய் வருகிறது என்று கம்ப்யூட்டரைச் சொல்லவைக்க வேண்டும். 1973-ல் அவருக்குப் பிடித்திருந்த பைத்தியம் அதுதான். கம்ப்யூட்டர் கிண்டியில் இருந்தது. கம்ப்யூட்டர் படிக்க ஓட்டை போட்ட அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வாராவாரம் மின்சார ரயிலில் போவார்.

அளந்து பார்க்க ஒரு நெஞ்சு வேண்டுமே, வீட்டில் ஜோதி இருந்தாள். அப்போதே மாடி ஏறினால் அவளுக்கு இளைக்கும். "என்னங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு? நானே கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றாராம். மூச்சை அளக்கிற காலேஜ் கருவியை வீட்டுக்கே கொண்டுவந்தார். குழாயில் ஊதினால் பேனா தாளில் கோடு போடும்.

ஜோதியின் கோடு உடைந்து உடைந்து வந்தது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். இவர் பாட்டு மாஸ்டர் அல்லவா? நீளமான வரியின் நடுவே, பக்கத்தில் இருப்பவர் பாடும்போது சத்தமில்லாமல் மூச்சைத் திருடிக்கொள்வது குழுவில் எல்லோருக்கும் பழக்கம். குழுவில் பாடின ஜோதி அதில் கெட்டிக்காரி. "இங்கேயும் பாட்டு வேலையைக் காட்டுறியா?" என்று கேலி செய்துவிட்டு, வழுவழுவென்று வந்த இரண்டு கோடுகளை மட்டும் அட்டையில் ஏற்றினார். அவளும் சிரித்தாள். அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

கம்ப்யூட்டர் என்ன செய்யும், கொடுத்ததை வைத்து நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றது. எக்ஸ்ரே பேச்சு அதோடு நின்றது. காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிற சானடோரியம் அடுத்த ஸ்டேஷன். ஒவ்வொரு வாரமும் அதைத் தாண்டித்தான் அந்த மனுஷன் கிண்டிக்குப் போனார்.

ஈஸ்டருக்கு நான் தெற்கே நாசரேத் ஊரிலிருந்து வந்தபோது ஜோதி இருமலில் ரத்தம் துப்பினாள். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் அவர். மழைக்காலம் வரைதான் இருந்தாள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் அங்கேயே தங்கினேன். ஒரு சாயங்காலம் சத்தியநாதன் நீளமான கம்ப்யூட்டர் தாளோடு வந்தார். தள்ளிவிட்ட கோடுகளையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தாராம்.

"ஒரு பலூன் விரியவே இல்லைக்கா. அப்பவே இல்லை."

திட்டித் தீர்க்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் தாளின் இன்னொரு பக்கத்தைப் பிரித்தார்.

"அப்பவே மருந்து ஆரம்பிச்சிருந்தா எப்படின்னும் போட்டுப் பார்த்தேன்." விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். "நல்லா மூச்சு விடுறாக்கா."