குறுக்கே கட்டிய ரிப்பன்

பஸ்ஸுக்கு வழிவிடும் புதிய சிக்னலைத் தொடங்கிவைப்பதற்காக, அன்று காலை பஸ்களை நிறுத்திவைத்திருந்தார்கள்.

கம்பத்தின் உச்சியில் ஒரு கேமரா. பஸ் நெருங்குவதைப் பார்த்தால் குறுக்குச் சாலைக்குச் சிவப்பு, பஸ்ஸுக்குப் பச்சை. கார், லாரி எதையும் சட்டை செய்யாது. கருவி தயார். பாக்கி, தலைவர் வந்து வெட்டவேண்டிய ரிப்பன் மட்டும். அதைப் பஸ் போகும் பாதைக்கே குறுக்கே கட்டியிருந்தார்கள்.

முதல் பஸ்ஸை ஓட்டிவந்தவளுக்கு டிப்போவில் 'புயல்' என்று பெயர். கிண்டல்தான். இந்த முக்கில் மாட்டிக்கொண்டே தாமதத்துக்கு இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு வண்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட்ட மேலாளர்தான் மார்பில் வரவேற்புக் குழு பேட்ஜோடு, கேமராவுக்கு எட்டாத தூரத்திலேயே அவளைக் கைகாட்டி நிறுத்தினார். தலைவர் கிளம்பிவிட்டாராம். அப்படியென்றால் இப்போதுதான் குளிக்கப் போயிருக்கிறார் என்று கண்டக்டர் உரை சொன்னார். பஸ்ஸுக்குள் ஷிப்டுக்குப் போகும் நர்ஸுகள் உச்சுக்கொட்டினார்கள்.

"சார், லேட்டானா மெமோ யாருக்கு?"

"அது வேற விஷயம்மா. இது விழா."

"மெமோ கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன்."

மேலாளர் பேட்ஜைச் சரிசெய்தார். விதி விதிதானே என்றார்.

வம்பு எதற்குத் தங்கச்சி என்றார் கண்டக்டர்.

"வம்புதாண்ணே ரிப்பன் கட்டிக்கிட்டு நிக்குது. விசில் கொடுங்க."

அவர் ஊதினார்.

பஸ் நகர்ந்தது. கேமராவுக்குத் தலைவரையும் தெரியாது, மேலாளரையும் தெரியாது, பஸ்ஸைத் தெரியும். பச்சை விழுந்தது. ரிப்பன் அறுந்து வைப்பரில் சிக்கிப் படபடத்தது. அப்போதுதான் குறுக்குச் சாலையில் பரிவாரத்தோடு வந்த தலைவரின் கார் சிவப்புக்கு நின்றது. யாருக்கு என்று பாராமல் வாத்தியக்குழு முழங்கித் தள்ளியது.

மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். தாமதம் என்று எழுத வழியில்லை. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் மேலே கொண்டுபோகாமல் விட்டுவிடுவதாகப் பெரிய மனதோடு சொன்னார்.

"பச்சை விழுந்துச்சு, போனேன். அந்த சிக்னல் பஸ்ஸுக்கு இல்லேன்னு நீங்க எழுதிக் கொடுங்க சார். அதுக்குக் கீழயே மன்னிப்பு எழுதுறேன்."

மேலாளர் பேனாவை மூடினார். வாசலில் அவளுடைய பஸ் நின்றது. வைப்பரில் சிக்கிய ரிப்பனை அவள் அவிழ்க்கவில்லை.

"நான் கிளம்பவா? லேட்டானா மெமோ கொடுப்பீங்க."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.