ஒரே மேசையில் இரண்டு முத்திரைகள்

"வியட்நாமா?" என்றான் போ-யென்.

"ஆமா. அங்கேயே இருந்துக்கிட்டு இந்தோனேசியாவையும் பார்த்துக்கணுமாம். ரெண்டு வருஷம்."

"ம். அங்க கொத்தமல்லி அள்ளிப் போடுவாங்க. உங்களுக்கு ஆகாதே."

"அவ்வளவுதானா?"

"குடை எடுத்துட்டுப் போங்க. மழை ஜாஸ்தி."

நான்கு வருடங்களுக்கு முன், தைவானில், எங்கள் ஊரான தைச்சுங்கில், வங்கிக்குப் பக்கத்து சூப் கடையில் பேசியது. 'போகாதீங்க' என்ற ஒரு வார்த்தைக்காக, கிண்ணம் ஆறும்வரை காத்திருந்தேன். அவன் எழுந்து பில்லைக் கொடுத்துவிட்டு வந்தான்.

எங்கள் நிறுவனம் சைக்கிள் இருக்கைகள் செய்கிறது. நான் கணக்காளர், அவன் காசாளர். வங்கியில் பணம் எடுக்க, படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் இரண்டு முத்திரைகளும் விழ வேண்டும். நிறுவனத்தின் பெயர் பொறித்த பெரியது என்னிடம், முதலாளி பெயர் பொறித்த சின்னது அவனிடம். இரண்டும் ஒரே இழுப்பறையில் தூங்கக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதனால் ஆறு வருடம் புதன்கிழமைதோறும் சேர்ந்தே போனோம்.

"கிளம்பலாமா, பெரிய முத்திரை?" என்பான்.

"முன்னாடி நடங்க, சின்ன முத்திரை" என்பேன்.

வியட்நாமின் பின் துவாங் மாகாணத்துத் தொழிற்சாலைக்கு வந்தேன்; இரண்டு வருடம் நான்கானது. ஒரு நாட்டின் கணக்கை ஒழுங்காக்கி, உள்ளூர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கிவிட்டால், அங்கே நான் தேவைப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாம்பழம் வாங்குவேன். பாதிதான் சாப்பிட முடியும். மீதிப் பாதி குளிர்சாதனப் பெட்டியில் கறுத்துப்போகும். புதன்கிழமை மட்டும் அவனிடமிருந்து செய்தி வரும்: "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு" என்று அனுப்புவேன். பெரும்பாலும் பொய்.

சென்ற வாரம் தணிக்கைக்காக ஊருக்குப் போயிருந்தேன். எனக்குப் பின் பெரிய முத்திரையை வைத்திருந்த பெண் பிரசவ விடுப்பில் இருந்ததால் நான்கு நாள் அது என்னிடம் இருந்தது. திரும்பி வந்து பையைத் திறந்தால், சிவப்புச் சுருக்குப் பையில் அதுவும் கூடவே வந்திருந்தது.

முதலாளி தொலைபேசியில் கத்தினார். "புத்தாண்டு போனஸ் நாளன்னைக்குப் போடணும்! எங்கேம்மா முத்திரை?"

"கூரியர்ல அனுப்பிடறேன், சார்."

"பெத்த பிள்ளையைப் பார்சல் போடுவியா நீ? போ-யென் வருவான், கைல குடு. நீ அங்கேயே இரு. அடுத்து நீ போலந்துக்குப் போறதுக்கான ஒப்பந்தத்துல வெள்ளிக்கிழமைக்குள்ள உன் கையெழுத்து வேணும்."

இத்தனை பெரிய தவறு செய்த பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி வந்தது.

மறுநாள் மதியம் வந்துவிட்டான். காதோரம் நரைத்திருந்தது. மூன்று மணி நேரத்தில் திரும்பும் விமானம். தொழிற்சாலை வாசலில் இருந்த நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். என் கிண்ணத்திலிருந்த கொத்தமல்லியை ஒவ்வொரு இலையாகக் குச்சியால் எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டான்.

"பத்து வருஷத்துல ஒரு ரசீதைக்கூடத் தொலைச்சதில்லை. முத்திரையை எப்படிங்க தூக்கிட்டு வந்தீங்க?"

"வயசாகுதுல்ல."

பெரிய முத்திரையை மேசைமேல் வைத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து சின்னதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"இதை ஏன் கொண்டுவந்தீங்க?"

"யாரை நம்பி விட்டுட்டு வர்றது? ரெண்டும் ஒரே மேசையில இருக்கறதைப் பார்த்தா முதலாளி மயக்கம் போட்டுடுவார்."

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.

"போலந்துல எத்தனை வருஷம்?"

"மூணு."

அவன் நூடுல்ஸைக் கிளறினான். "அங்க குளிர் ஜாஸ்தி. நல்ல கம்பளிக் கோட்டா..."

நான்கு வருடங்களுக்கு முன் குடை. இப்போது கோட்டு. அவன் முத்திரைகளை எடுக்கக் கை நீட்டினான். பெரியதன்மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"போ-யென்."

அவனைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"போகாதீங்கன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை சொல்லுங்க."